மூன்றாவது ஃபிலிம்

ஆலையின் முன்வாசலில் பதினெட்டு வருடமாக நின்றிருந்த மாதிரி ராக்கெட்டைக் கிரேன் வைத்துத் தூக்கிவிட்டு, அந்த மேடையில் ஒரு ட்ரோனை வைத்தார்கள். ஆள் உயரம்கூட இல்லை. மடக்கு இறக்கைகள், மூக்கில் ஒரு கேமரா, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போன மூத்தவளுக்குத் தன் ஓரகத்தியே மேடையேறி நிற்பதுபோல இருந்தது.

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். மூத்தவள் பத்தொன்பது வருடமாக ராக்கெட் பிரிவில் எக்ஸ்ரே ஃபிலிம் படிப்பவள். ராக்கெட்டுக்குள் வார்த்த திட எரிபொருளில் காற்றுக்குமிழி இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று விளக்குப் பெட்டிமேல் ஃபிலிமை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கண்ணில் படாத குமிழி இல்லை என்று ஆலையில் பேச்சு. ஃபிலிம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வருடத்துக்கு முன் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். பொறியியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு வேலை விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

இளையவளைப் போட்டது புதுப் பிரிவில். வானத்தில் முக்கால் மணி நேரம் வட்டமடித்துக் காத்திருந்து, இலக்கு கேமராவில் பட்டதும் அதன்மேல் போய் விழுந்து வெடிக்கிற ட்ரோனை அங்கே செய்தார்கள். செய்தித்தாள்கள் தற்கொலை ட்ரோன் என்று எழுதின. ஆலையில் ‘வட்டம்’ என்றார்கள். எல்லையில் சண்டை தொடங்கிய பிறகு பட்டாளத்துக்காரர்கள் வட்டத்தைத்தான் கேட்டார்கள். ராக்கெட்டின் இரண்டாம் உற்பத்தி வரிசையை இழுத்து மூடினார்கள். சோதனைப் பறப்பில் வட்டத்தை ஓட்டுவது இளையவள். அவளுக்குப் பைலட்டம்மா என்று பேர் வந்தது. மாமியார் அக்கம்பக்கத்தில் சின்ன மருமகளைப் பற்றியே பேசினாள். மூத்தவளைப் பற்றிக் கேட்டால், “அவளும் அங்கதான் இருக்கா” என்பாள்.

அந்த ‘அவளும்’ மூத்தவளுக்கு முள்ளாகக் குத்தியது.

வட்டத்தைக் குழாயிலிருந்து மேலே தள்ளிவிட ஒரு குட்டி ராக்கெட் வேண்டும். அது மட்டும் இன்னும் ராக்கெட் பிரிவில்தான் தயாரானது. வியாழக்கிழமை பட்டாளத்து அதிகாரிகள் முன்னால் பெரிய சோதனை. அதற்கான இருபத்துநான்கு குட்டி ராக்கெட்டுகளின் ஃபிலிம்கள் திங்கள் காலை மூத்தவளின் மேசைக்கு வந்தன. மதியத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். எட்டாவதில் மட்டும் ஒரு மங்கல் சந்தேகமாக இருந்தது. மற்ற உறைகளின்மேல் பென்சிலால் டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

கேன்டீனில் இளையவள் இரண்டு பட்டாளத்து அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்தாள். மூத்தவளைக் கண்டதும் கையாட்டினாள்.

“அக்கா, வியாழக்கிழமை நீங்களும் வந்து பாருங்க. உங்க ராக்கெட் நாற்பது போட்டு அடிக்கிறத இது ஒண்ணே ஒண்ணு ஜன்னல் வழியாப் போய் அடிச்சிடும்.”

அதிகாரிகள் சிரித்தார்கள். மூத்தவளும் பல்லைக் காட்டினாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மேசைக்குத் திரும்பியதும் உறைகளை மறுபடி முன்னால் இழுத்துப் போட்டாள். ஒரு தொகுதியில் மூன்று சந்தேகம் இருந்தால் மொத்தத் தொகுதியையும் நிறுத்த வேண்டும் என்பது விதி. எட்டாவது ஒன்று. இன்னும் இரண்டு வேண்டும். ஃபிலிமை வெளியே எடுக்கக்கூட இல்லை. கைக்கு வந்த இரண்டு உறைகள், பதினைந்தும் இருபத்தொன்றும். டிக்கை ரப்பரால் அழித்தாள். ‘சந்தேகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது கை நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கு நினைத்து நினைத்து ஆறவில்லை.

சோதனை ரத்தானது. அதிகாரிகள் ஊர் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் இளையவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள்.

“எட்டு மாச வேலைக்கா. ஒருத்தர் பேனாவால போச்சு.”

“கண்ணுல பட்டதை எழுதினேன்.”

“கண்ணுல பட்டதையா, மனசுல பட்டதையா?”

“வார்த்தையப் பாத்துப் பேசு. நான் பாக்கிற வேலை வேற.”

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். “ஏம்மா பெரியவளே, சின்னவளுக்கு ஒரு நல்லது நடக்கிறப்பதான் உன் கண்ணு இவ்வளவு கூர்மையாகணுமா?”

மூத்தவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சந்தேகப்பட்ட மூன்றையும் வெள்ளிக்கிழமை அறுத்துப் பார்த்தார்கள். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தானாக அறுத்தது. இந்தப் பக்கம் பிரிவு அதிகாரி, மூத்தவள், இளையவள், இன்னும் நாலைந்து பேர். எட்டாவது சுத்தம். பதினைந்தாவதும் சுத்தம். இளையவள் கையைக் கட்டிக்கொண்டு மூத்தவளையே பார்த்தாள். இருபத்தொன்றும் சுத்தமாகத்தான் இருக்கும், அது மூத்தவளுக்குத் தெரியும். இத்தனை வருடப் பேர் இன்றோடு சந்தி சிரிக்கப் போகிறது.

இருபத்தொன்றில் சுண்டுவிரல் நகமளவு குமிழி இருந்தது.

பிரிவு அதிகாரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். “இது மட்டும் போயிருந்தா குழாயோட வெடிச்சிருக்கும். பக்கத்துல யார் நிப்பாங்க?”

“நான்தான் சார்,” என்றாள் இளையவள். முகம் வெளுத்திருந்தது. சட்டென்று மூத்தவளைக் கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மூத்தவளின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன.

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபத்தொன்றாம் ஃபிலிமை விளக்கில் வைத்தாள். பூதக்கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். இருந்தது. ஓரத்து உலோக வளையத்தின் நிழலுக்குள் பதுங்கி, நிழலோடு நிழலாக. திங்கள் காலை இதே ஃபிலிமை நேர்மையாகப் பார்த்து டிக் போட்டது அவள்தான். கண் கோட்டைவிட்டதைப் பொறாமை பிடித்திருந்தது. அதற்கு என்ன பேர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிரிவு அதிகாரியிடம் போய் நின்றாள்.

“சார், அந்தக் குமிழிய நான் பாக்கல. முதல்ல சரின்னுதான் போட்டேன்.”

“அப்புறம் சந்தேகம் வந்து மாத்தினீங்க. அனுபவம்னா அதானே?”

“அனுபவம் இல்ல சார். தொகுதி நிக்கணும்னு நினைச்சேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆபத்து தப்பிச்சாச்சு. ஊரைக் கூட்டாதீங்கம்மா.”

“அப்போ இனிமே என் ஃபிலிமை எல்லாம் இன்னொருத்தரும் பாக்கணும். நான் ஒருத்தி பாத்தது போதாது.”

மறுவாரமே இரண்டாவது ஆளைப் போட்டார். ‘ஃபிலிம் பரிசோதகரின் சொந்த யோசனையின் பேரில்’ என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கும் பாராட்டு. மாமியார் அக்கம்பக்கத்தில் பெரிய மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நாலு வருடமாக ஏங்கியது கைக்கு வந்தபோது மூத்தவளுக்கு அது வாயில் வைக்கவே முடியாத கசப்பாக இருந்தது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். ஆலைப் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேன்டீன் சிரிப்பு, அழித்த டிக், எதையும் விடவில்லை.

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்போ என்மேல உங்களுக்குப் பாசம் இருந்திருந்தா, நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

“ஆமா.”

“இப்ப மட்டும் பொறாமை போயிடுச்சா?”

மூத்தவள் யோசித்தாள். “இல்ல.”

“நல்லவேளை,” என்றாள் இளையவள். சிரிக்கவில்லை. வீட்டிலும் அதன்பிறகு மூத்தவளோடு பேசவில்லை. உப்பு வேண்டுமானால்கூட மாமியாரிடம் கேட்டாள்.

அடுத்த மாதம் புதுத் தொகுதி வந்தது. இருவர் படித்துச் சரி என்ற பிறகு சோதனை நடந்தது. மூத்தவள் தடுப்புக்குப் பின்னால் ஊழியர்களோடு நின்றாள். குழாயிலிருந்து குட்டி ராக்கெட் ட்ரோனைத் தூக்கி எறிந்தது. இறக்கைகள் விரிந்தன. அது உயரத்தில் அவசரமே இல்லாமல் சுற்றியது. திடலில் நின்ற பழைய லாரிகளில் எதன்மேல் விழப்போகிறது என்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்த எல்லாரும் தங்களை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். சொந்தத் திடலிலேயே இப்படி என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் இதன் கீழே நிற்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று மூத்தவள் முதன்முறையாக நினைத்தாள். அதற்குள் அது மூக்கைக் கவிழ்த்து நடு லாரியின் கூரையில் இறங்கி வெடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் இளையவளைச் சூழ்ந்துகொண்டது. மூத்தவளும் தட்டினாள். உள்ளே காந்தியது.

சாயங்காலம் ஏழு மணிச் செய்தியில் இளையவளின் பேட்டி வந்தது. மாமியார் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடைசியில் நின்றாள். பேட்டி முடிந்ததும் இளையவள் இத்தனை நாளில் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினாள்.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“நல்லாத்தான் பேசின. இடது பக்கம் முடி கொஞ்சம் கலைஞ்சிருந்தது.”

“பொய்.”

“நிஜமா. வேணும்னா திருப்பிப் போட்டுப் பாரு.”

இளையவள் ரிமோட்டை எடுத்தாள்.