இருபத்து நான்கு அட்டை

அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கும்போது கை வெந்துபோனது அம்சவள்ளிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் வசந்தாதான் முதலில் பார்த்தாள். பிடிதுணி நழுவி, இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் பானையின் கழுத்தோடு ஒட்டியிருந்தன.

"அம்மா, கைய எடு. வேவுதும்மா."

அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். விரல்களில் தோல் வழன்று வெளுத்திருந்தது. வலி இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறேழு மாதமாகவே அந்த விரல்கள் மரத்துப்போய், மடங்கியது மடங்கியபடி இருந்தன. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அப்படி ஆகியிருக்கும் என்று மரக்காணம் உப்பளத்தில் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவளும் அதை நம்பியிருந்தாள்.

அது 1986ஆம் வருஷம் சித்திரை மாதம். மறுநாள் சாலமன் அவளைப் பரிசோதித்தார். தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் வேலை பார்ப்பவர். ஊரில் அவருக்குக் குஷ்டரோக இன்ஸ்பெக்டர் என்று பெயர். அவர் சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வெந்தும் வலிக்காததில் சந்தேகம் வந்து, அவர் வாசலுக்கு வரவேண்டாம் என்று அம்சவள்ளியே அவரைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"கண்ண மூடிக்கோங்க. நான் எங்க தொடறேனோ அந்த எடத்த வெரலால காட்டுங்க" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலியா சார்?"

"முடிச்சிட்டேம்மா."

கண்ணைத் திறந்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார். இரண்டு பாதங்களிலும் பதினாறு இடத்தில் தொட்டதாகச் சொன்னார்.

இதற்குப் புது மருந்து வந்திருக்கிறது என்றார். மாதம் ஒரு அட்டை, மொத்தம் இருபத்து நான்கு. சிவப்பு மாத்திரையை மாதத்துக்கு ஒருமுறை அவர் எதிரிலேயே விழுங்க வேண்டும். மற்றவை தினமும் வீட்டில். ஒரு நாளும் விடக்கூடாது. பிறகு காலைப் பற்றிச் சொன்னார்.

"உங்களுக்கு வலி கெடையாது. முள்ளு குத்துனாலும் தெரியாது, நெருப்ப மிதிச்சாலும் தெரியாது. வலி செய்யற வேலைய இனிமே உங்க கண்ணு செய்யணும். தெனமும் ராத்திரி காலத் தண்ணில ஊறவச்சு, எண்ண தடவி, கண்ணாடி வச்சு அடிப்பாதத்தப் பாருங்க."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். தேவநாதன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். அதிகம் பேசமாட்டான். அன்று இரவு முழுக்க வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்தான். காலையில் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்.

"பொண்ணுக்குப் பதினாறு ஆயிடுச்சு. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவள எவன் கேட்டு வருவான்? வானூர்ல அக்கா வீட்டுக்கு இட்டுனு போயிடறேன். நானும் அங்கியே ஏதாச்சும் மில்லுல சேந்துக்கறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"உனக்கு நல்லாவற வரைக்கும். ரெண்டு வருஷந்தான சொல்றாரு. முடிஞ்ச அன்னிக்கே நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்."

வசந்தா துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பனுக்குப் பின்னால் நடந்தாள். தெரு முனையில் திரும்பிப் பார்த்தாள். அம்சவள்ளி வெந்த கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினாள்.

அதுவரை அவள் தன் வாழ்க்கையில் எதற்கும் நாள் குறித்ததில்லை. தை பிறந்தால் உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போக வேண்டும், ஐப்பசியில் மழை வந்தால் வீட்டில் உட்கார வேண்டும். கல்யாணமும் பிள்ளைப்பேறும்கூட அப்படி வந்தவைதான். இப்போது முதல்முறையாக ஒரு நாள் அவளுக்கு முன்னால் நின்றது. 1988 சித்திரை. அதற்குள் இருபத்து நான்கு அட்டை. பாதத்தில் புண் இல்லாமல் இருக்க வேண்டும். மகள் வீட்டுக்கு வர வேண்டும்.

முதல் மாதமே தவறினாள். சாலமன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "மூணு மிச்சமிருக்கே" என்றார். வேண்டுமென்று விட்டதல்ல. காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுகிறவளுக்கு நினைவு தங்கவில்லை. யோசித்து, அட்டையை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள். அரிசி எடுக்கக் கை விட்டால் அட்டை தட்டுப்படும். அதன் பிறகு சில மாதம் மாத்திரை தவறவில்லை.

காலுக்கும் அதேபோல ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். பாதத்தைப் பார்க்காமல் சோற்றில் கை வைப்பதில்லை. வேலை விட்டு வந்ததும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் காலை ஊறவைப்பாள். பித்த வெடிப்பைக் கல்லால் தேய்ப்பாள். நல்லெண்ணெய் தடவி, உடைந்த கண்ணாடித் துண்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை பார்ப்பாள். பசி வயிற்றைக் கிள்ளும். அதனாலேயே மறக்காது.

மாத்திரையால் உடம்பு கறுத்தது. சிவப்பு மாத்திரை போட்ட அன்று மூத்திரம் ரத்தம்போல் போனது. "வெய்யில் இந்த வருஷம் ஜாஸ்தி" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம் சொல்லிவைத்தாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் மழை முந்திக்கொண்டது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னவுடன் மேஸ்திரி வெங்கடாசலம் எல்லோரையும் பாத்தியில் இறக்கிவிட்டார். விளைந்து கிடந்த உப்பு முழுவதையும் வாரிக் கரையேற்றியாக வேண்டும். விடியுமுன் இறங்கினால் இருட்டும்வரை வேலை. மூன்று வேளையும் அங்கேயே பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டில் சோறு பொங்கவில்லை. அரிசிப் பானையில் கை விடவில்லை. மூன்று நாள் மாத்திரையும் போடவில்லை, காலையும் பார்க்கவில்லை. வந்ததும் விழுந்து தூங்கினாள்.

நாலாம் நாள் மழை பெய்தது. குடிசைக்குள் ஏதோ அழுகின வாடை அடித்தது. செத்த எலியாக இருக்கும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். பிறகு உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு கிளிஞ்சல் துண்டு முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. அதன் மேலேயே மூன்று நாள் உப்புச் சுமந்திருக்கிறாள்.

நாற்பது நாள் கட்டுப் போட வேண்டியிருந்தது. தேவநாதன் ஒருமுறை வந்து பத்துப் படி அரிசி வைத்துவிட்டுப் போனான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"வசந்தா எப்படிக்கீறா?"

"நல்லாக்கீறா. தையல் கத்துக்கறா."

"என்னப் பத்தி கேட்டாளா?"

"கேக்காம இருப்பாளா" என்றான்.

கால் ஆறியதும் அவள் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டாள். எங்கே சாப்பிட்டாலும் சரி, பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. அட்டையை இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். தை பிறந்து மறுபடி உப்பளத்துக்குப் போனபோது மத்தியானத்தில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடித் துண்டை எடுத்துப் பாதத்தைப் பார்ப்பாள். பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறப்பாள்.

லூர்துமேரி அதைப் பார்த்துவிட்டாள். எட்டு வருஷமாக அம்சவள்ளியோடு ஜோடியாக உப்பு வாரும் பலகை இழுத்தவள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தன் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்தாள். மற்றவர்கள் அதிலிருந்தே புரிந்துகொண்டார்கள்.

சாலமன் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த அன்று மேஸ்திரி கூப்பிட்டார்.

"செருப்போட பாத்தில எறங்குனா தரை கெட்டுடும். உனக்குத் தெரியாததா?"

"கழட்ட முடியாதுங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "பாத்திக்கு வர வேணாம். ரோட்டாண்ட உப்பு அம்பாரத்துல கூடைய தூக்கிக் கொட்டு. கூலி கொஞ்சம் கம்மியாத்தான் வரும். தண்ணி நீயே எடுத்துனு வந்துடு" என்றார். விரட்டிவிடவில்லை என்பதற்காக அவள் கும்பிட்டாள்.

இரண்டாம் வருஷம் முழுக்க அவளோடு யாரும் பேசியதாகச் சொல்ல முடியாது. உப்புக் குவியல் மேல் ஏறிக் கூடையைக் கவிழ்ப்பாள், இறங்குவாள். தேவநாதன் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவன் தீபாவளிக்கு வந்தான், பொங்கலுக்கு வரவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு ஆகிவிட்டது, பத்தொன்பது ஆகிவிட்டது என்று அட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து காலைக் கழுவினாள். இருபத்து நான்காவது அட்டை முடிந்தபோது பாதத்தில் ஒரு கீறல் இல்லை.

சாலமன் காதுமடலில் கீறிச் சதைநீர் எடுத்து அனுப்பினார். பத்து நாளில் ஒரு காகிதம் கொடுத்தார்.

"கிருமி இல்ல. இனிமே யாருக்கும் ஒட்டாது. யாரோட வேணா இருக்கலாம்."

"வெரலு நிமிராதா சார்?"

"செத்த நரம்பு திரும்பாதும்மா. இதுக்கு மேல போகாது, அவ்வளவுதான். கால மட்டும் விட்டுடாதீங்க."

கூட்டிப்போக அவர்கள் வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தாள். பிறகு தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, பாண்டிச்சேரி போய் வானூர் பஸ் மாறினாள். காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

நாத்தனார் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. வசந்தா மட்டும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுப் பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். உயரமாகியிருந்தாள், கன்னம் நிறைந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு கீழே கிடந்த பத்திரிகைகளைப் பாயால் மூடப் போனாள். அதற்குள் அம்சவள்ளி ஒன்றை எடுத்துவிட்டாள்.

மூன்றாவதுவரை படித்தவள் அவள். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வைகாசி ஒன்பது என்று படித்தாள். வசந்தா என்று படித்தாள். தன் பெயரும் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு நீளமான வார்த்தை இருந்தது. அதை இரண்டு தரம் கூட்டிப் படித்தாள். காலஞ்சென்ற.

"அத்ததாம்மா அப்படிப் போடச் சொன்னாங்க" என்றாள் வசந்தா. "மாப்ள வீட்ல அப்படித்தான் சொல்லிக்கீறாங்க."

அம்சவள்ளி காகிதத்தை எடுத்து நீட்டினாள். "படி. உனக்கு நல்லா படிக்க வருமே."

வசந்தா படித்தாள். நோய்க்கிருமிகள் இல்லை, சிகிச்சை முடிவுற்றது என்ற இடத்தில் நிறுத்தினாள். "அம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அம்சவள்ளி தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். மகள் அம்மாவின் இடது கையின் மரத்த விரல்களைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. எப்போது பிடித்தாள், எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

தேவநாதன் உள்ளே வந்தான். பார்த்ததும் கதவைச் சாத்தினான்.

"ஏன்யா இப்படிப் பண்ணீங்க? ரெண்டு வருஷம்னுதான சொன்ன. முடிச்சிட்டேன்யா. இதோ பாரு."

அவன் காகிதத்தை வாங்கவில்லை. "நீ முடிச்சிருப்ப. இல்லன்னு சொல்லல. ஊருக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது அம்சா. ஒன் வெரலத்தான் பாப்பாங்க. நல்ல எடம். பையன் கரண்ட் ஆபீஸ்ல வேலை. நீ உயிரோட கீறன்னு தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. அப்புறம் இவ காலத்துக்கும் இப்படியே உக்காந்துனு இருக்கணும். சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். வசந்தாவைப் பார்த்தாள். அவள் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"பையன் குடிக்க மாட்டானே?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"மாட்டான்."

பின்வாசல் வழியாகப் போகச் சொன்னான். போனாள்.

ஊருக்குத் திரும்பி மறுநாளே வேலைக்குப் போனாள். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோறு தின்றாள், படுத்தாள். கண்ணாடித் துண்டு மாடத்தில் கிடந்தது. தொட்டி வாசலில் காய்ந்து கிடந்தது. வேண்டாம் என்று அவள் முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. எடுக்கக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

வைகாசி ஒன்பதாம் தேதியும் கூடை தூக்கினாள். காலையில் ஏழரைக்கு மேல் முகூர்த்தம். அந்த நேரத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு தூக்கினாள். பத்து மணி வாக்கில் லூர்துமேரி வரப்போரமாக ஓடி வந்தாள். ஒன்றரை வருஷமாக அவளோடு பேசாதவள்.

"ஏய் அம்சா, நில்லு. அங்க பாரு."

அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள். பாத்தியோரத்திலிருந்து அம்பாரத்தின் உச்சிவரை வெள்ளை உப்பின் மேல் சிவப்பாகக் கால்தடம் விழுந்திருந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒன்று. ரொம்ப நேரமாக நடந்திருக்கிறாள். லூர்துமேரி அவளை உட்காரவைத்துத் தன் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். மேஸ்திரி ரத்தம் பட்ட உப்பைத் தனியாக வாரச் சொல்லி இரண்டு பேரை அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் புண் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆடி மாதம்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

சாலமன் புது அளவில் செருப்பு தைக்கக் காகிதத்தில் பாதத்தை வரைந்துகொண்டு போக வந்தார். இந்த முறை சைக்கிளை வாசலிலேயே நிறுத்தினார். அவர் கேட்பதற்கு முன்பே தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து காலை வைத்தாள்.

வரைந்து முடித்தபின் அவர் ரிஜிஸ்தரைப் பிரித்தார். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். பழைய பக்கத்தில் தேவநாதன், வசந்தா என்று இரண்டு பெயர்கள் இருந்தன.

"வீட்ல இப்ப எத்தன பேரும்மா?"

"நான் ஒருத்திதான் சார்" என்றாள். "எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார்.