கல்யாணக் கேசட்டுக்குள் வந்த நாடகம்

ஆனந்தராசாவுக்கு லண்டனிலிருந்து வந்தது தங்கையின் கல்யாண வீடியோ என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அபுதாபி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர்கள் ஓடவிட்டுப் பார்த்து, தாலி கட்டியதும் போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். தாலி கட்டி முடிந்த அடுத்த நிமிடம், பனி விழுகிற தெருவில் ஜெர்மன் பட்டாளம் வந்து நின்றது. மிச்ச டேப் வீணாகக் கூடாதென்று மாப்பிள்ளையின் தம்பி டி.வி. நாடகம் ஒன்றை அதிலேயே பதிந்து வைத்திருக்கிறான். யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய ஒரு பெண்ணின் கதை. வளைகுடாவில் அந்தப் பேச்சே ஆகாது. கதவைத் தாழ்போட்டு, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம்.

அபுதாபியைத் தாண்டி ருவைஸில், கம்பெனி கேம்பில் ஒரே ரூம் எங்களுக்கு. யாழ்ப்பாணத்து ஆனந்தராசா, தியாகராசா, பவானிப் பக்கத்துப் பழனிச்சாமியாகிய நான். நாலாவது கட்டில் காலி. அது சோமசிறி என்ற சிங்களவனுடையது.

கொழும்பில் தியாகராசாவின் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவனுடையது. அவனுக்கு விசா வாங்கிக் கொடுத்ததே தியாகராசாதான். அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி மாதம், கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. தியாகராசாவின் மனைவி பத்மாவதியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். போன் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சமையல் முறை சோமசிறிக்கு.

"இனி உவன்ர கையால காய்ச்சினது எங்களுக்கு வேண்டாம்" என்று ஆனந்தராசா சோற்றுப் பானையைத் தூக்கி வெளியே வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களோடு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவனா கொழும்பில் போய்க் கொளுத்தினான்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. "ஏனுங்க, அந்த ஆளு என்னுங்க பண்ணுனான்?" என்று கேட்டேன். "நீர் சும்மா இரும்" என்றார் ஆனந்தராசா. சோமசிறி தியாகராசாவின் முகத்தைப் பார்த்தான். தியாகராசா தரையைப் பார்த்தார். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பிளாக்குக்குப் போய்விட்டான்.

நாடகத்தை ஆனந்தராசாதான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "அங்க பாருங்கோ, அந்த மனுசி தன்ர பங்குப் பாணை அதுகளுக்குக் குடுக்கிறா" என்று ரொட்டியைக் காட்டிச் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ வெள்ளைக்காரிக்காக அழுகிற மனுஷன், ஒரு பானைச் சோற்றுக்கு இரங்கவில்லையே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தியாகராசா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "ஒளிச்சிருக்கிற சனம் தப்புமோ?"

தப்பித்தார்கள். அவளைத்தான் பட்டாளம் இழுத்துக்கொண்டு போனது. தியாகராசா அவளைப் பற்றிக் கேட்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாதவன் வேறு எதைக் கேட்பான்?

மறுநாள் ஆபீஸுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போன் வந்தது. தியாகராசா பேசிவிட்டு ரூமுக்குத் திரும்பினார்.

"ரெண்டு பேரும் தப்பி, கப்பலில ஊருக்கு வந்திட்டினம்" என்றவர், கட்டிலில் விழுந்து அழுதார். "சோமசிறியின்ர மனுசி குசுமாதான் ஒளிச்சு வைச்சவ. கொளுத்த வந்த காடையர் கேக்க, கதவில நிண்டு விட மாட்டன் எண்டிருக்கிறா. இரும்பால அடிச்சுப் போட்டாங்கள். போன கிழமை ஆஸ்பத்திரியில செத்துப் போனா."

சோமசிறிக்கு அவளை விட்டால் ஊரில் யாருமில்லை. அவனுக்குச் செய்தி சொல்ல அங்கே ஆளே கிடையாது. ஆனந்தராசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தியாகராசா முகத்தைக் கழுவிவிட்டு, "பழனிச்சாமி, கூட வாரும்" என்றார்.

எங்களைக் கண்டதும் சோமசிறி எழுந்து ஓடி வந்தான். "அண்ண, வீட்டுச் செய்தி வந்ததா?"

"வந்தது. ரெண்டு பேரும் சுகம்."

அவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். கண்ணெல்லாம் தண்ணீர். "அப்ப குசுமாவும் நல்லம். பக்கத்து வீடுதானே. நான் பயந்தது உங்கட வீட்டுக்குத்தான், அண்ண."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தியாகராசா அவனை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கதவில் நின்றதைச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொன்னார். அவள் செத்ததையும் சொன்னார்.

சோமசிறி இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அண்ண, நீங்க என்னை ரூமில இருந்து போகவிட்டது குசுமாவுக்குத் தெரியாதுதானே?"

"தெரியாது" என்றார் தியாகராசா.

"நல்லம்" என்றான் சோமசிறி.