இடது ஓரத்தில் ஒரு சிவப்பு

ஹம்சினி தூரிகை பிடித்தவள் இல்லை. டிராம் டிக்கெட், சந்தேஷ் மிட்டாய் வாங்கி வந்த அட்டைப்பெட்டி, பழைய பஞ்சாங்கத் தாள் என்று எது கிடைத்தாலும் கையால் கிழித்து, அட்டையில் ஒட்டிப் படமாக்குவாள். டாக்குரியாவில் அவர்கள் இருந்த ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில் முக்கால்வாசி அவளுடைய காகிதங்கள்தான். மிச்சமிருந்த மூலையில் அவளும் கணவர் வெங்கடநாராயணனும் சாப்பிட்டார்கள். அவர் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் அதிகாரி. படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் செய்து முடித்த எதையும் நின்று பார்க்காமல் போக மாட்டார்.

ஒருமுறை அவளிடமே கேட்டார்.

"இந்தப் பக்கம் இத்தனை பெருசு, அந்தப் பக்கம் இத்துனூண்டு. படம் சாயணுமே, ஏன் சாயலை?"

"தராசுன்னு நினைக்காதீங்கோ. பார்க்குல சீஸா பலகை பாத்திருக்கேளோன்னோ? குண்டு மாமா நடுவுக்குக் கிட்ட நகந்து உக்காந்தா, எதிர்க்கோடில ஒரு குழந்தையே தாங்கிடும். இதுவும் அப்படித்தான்."

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷ ஜூலை மழையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கைகாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் கெடவில்லை. பார்வையில் இடது பாதி மட்டும் போய்விட்டது. கண்ணில் கோளாறில்லை, மூளையில் பட்ட அடி என்றார் டாக்டர். அந்தப் பக்கம் அவளுக்கு இருட்டாகக்கூடத் தெரியவில்லை. அங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றே தெரியவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பழையபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். டிசம்பரில் பாலிகஞ்சில் பெண்களாகச் சேர்ந்து ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். அதை நடத்தும் ஷுக்லாதி கீழ்வீட்டில் இருந்தவள், தானும் ஓவியம் வரைகிறவள். ஹம்சினி முடித்து வைத்திருந்த படத்தைப் பார்க்க மேலே வந்தாள். வலப்பக்கத்தில் காகிதம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. இடது பாதி வெறும் வெள்ளை அட்டை.

"அப்படியே மாட்டிடலாம், ஹம்சினி," என்றாள் ஷுக்லாதி, வங்காள மொழியில். "உனக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். புரிஞ்சுப்பாங்க."

அவள் போனபின் ஹம்சினி கணவர் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதைச் சொல்லுங்கோ. எப்படியிருக்கு?"

அவர் தயங்கினார். "கவுந்துடும் போல இருக்கு, ஹம்சி."

"அப்ப மாட்டக் கூடாது. வரவா படத்தைப் பாக்க வரணும். என்னைப் பாத்துப் பாவப்பட வேண்டாம்."

அடுத்த சில நாளில் ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்தாள்.

"ஏன் எழுந்துட்டே?"

"தட்டு காலியாயிடுத்தே."

இடப்பக்கத்தில் இரண்டு இட்லி அப்படியே இருந்தன. அவர் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். எங்கிருந்தோ முளைத்த இட்லிகளை ஹம்சினி உற்றுப் பார்த்தாள். அழப்போகிறாளோ என்று அவர் பயந்தார். அவளோ சிரித்துவிட்டாள். சாப்பிடக்கூட உட்காராமல் நேரே போய்ப் புது அட்டை ஒன்றை எடுத்தாள்.

அன்றிலிருந்து அட்டையைத் திருப்பித் திருப்பி வேலை செய்தாள். ஒரு துண்டு வைத்தால் அட்டையைத் தலைகீழாக்கிப் பார்ப்பாள், குறுக்காக வைத்துப் பார்ப்பாள், மறுபடி நேராக்குவாள். திருப்பும்போது எது எங்கே இருந்தது என்பது குழம்பிப்போகும். தலை வலிக்கும். காய்ந்த துண்டை நகத்தால் கீறி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். ஆபீசிலிருந்து வந்து வாசலிலேயே நின்று பார்ப்பார் வெங்கடநாராயணன். இத்தனை பொறுமை தன் வாழ்நாளில் எதற்கும் தனக்கு இருந்ததில்லை என்று தோன்றும். "கொஞ்சம் இடப்பக்கம்..." என்று ஒருநாள் வாயைத் திறந்தார். "நீங்க சொல்லப்படாது," என்று அடக்கிவிட்டாள்.

நவம்பரில் படம் ஓர் உருவுக்கு வந்தது. நடுவுக்குச் சற்று வலப்புறமாக, மழைமேகம் போலக் கருநீலக் காகிதம் அடுக்கடுக்காக இறங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பேறிய பஞ்சாங்கத் தாள். இன்னும் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டை தலைகீழாக இருந்தபோது, மொட்டைமாடியில் வந்து விழுந்த பட்டத்திலிருந்து சிவப்பாக ஒரு நகத்தளவு கிழித்து ஓரத்தில் ஒட்டினாள். பிறகு அட்டையை நேராக்கினாள். சிவப்பு இப்போது இடதுகோடிக்குப் போயிருந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பித் தேடி, அதை நேராகப் பார்த்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

"ஏன்னா, இங்கே வாங்கோ!"

அவர் ஓடிவந்தார்.

"இந்தச் சிவப்பையே பாத்துண்டிருந்தா பாக்கியெல்லாம் அதுக்கு வலப்பக்கத்துல வந்துடறது. எனக்கு முழுசாத் தெரியறது. முழுப் படமும், ஒரே சமயத்துல."

ஜூலைக்குப் பிறகு எதையும் அவள் முழுசாகப் பார்த்திருக்கவில்லை. அவர் படத்தைப் பார்த்தார். அத்தனை பெரிய கருநீலத்தை அந்தச் சின்னச் சிவப்பு தன்னந்தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

"சாயலை, ஹம்சி," என்றார்.

பாலிகஞ்ச் கண்காட்சியில் ஷுக்லாதி அதைத் தன் கையாலேயே மாட்டினாள். கீழே இருந்த சீட்டில் ஹம்சினியின் பேர் மட்டும்தான், வேறு ஒரு வரி கிடையாது. இரண்டாம் நாள் தம்பதி இருவரும் ஒரு பக்கமாக நின்றிருந்தபோது, முன்பின் தெரியாத ஓர் இளம்பெண் படத்தின் முன்னால் வந்து நின்றாள். ஹம்சினிக்கு அவள் இடப்பக்கத்தில் இருந்தாள்.

வெங்கடநாராயணன் மனைவியின் காதருகே குனிந்தார். "ஒரு பொண்ணு உன் படத்துக்கிட்ட நிக்கறா."

"என்ன பண்றா?"

"கட்டைவிரலை நீட்டி, ஒத்தக்கண்ணை மூடிண்டு, அந்தச் சிவப்பை மறைச்சுப் பாக்கறா. விரலை எடுக்கறா. மறுபடி மறைக்கறா."

"மறைச்சா சாயறதாமா?"

"போலிருக்கே. விடாமப் பாத்துண்டிருக்கா."

ஹம்சினி கழுத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, அந்தப் பெண் கண்ணில் படும்வரை தேடினாள். கண்டதும், கணவரை அங்கேயே விட்டுவிட்டு, அவளோடு பேசப் போய்விட்டாள்.