இடத்தோள் பூ

…இல்லை, அசையவில்லை, காற்றுதான், காற்றில் அம்மன் சேலையின் ஓரம் அசைந்ததைப் பூ அசைந்ததாகச் சௌந்திரம் நினைத்துவிட்டாள், இரண்டு பூவும் ஒட்டிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. வலத்தோளில் ஒரு வெள்ளரளி, இடத்தோளில் ஒரு வெள்ளரளி. பூசாரி குழந்தைவேல் தண்ணீரில் நனைத்துக் கல்லில் அப்பிவிட்டு வெளியே வந்து நின்றுவிட்டார், இனி எந்தப் பூ முதலில் விழுகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. வலது விழுந்தால் சௌந்திரம் சேலத்து டுடோரியலில் சேர வேண்டும், சூரமங்கலத்தில் மாமன் வீட்டில் தங்கி ஒரு வருடம் படித்து டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இடது விழுந்தால் கோயமுத்தூர் டுடோரியல், ஹாஸ்டல், அதே தேர்வு. பி.எஸ்ஸி. விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கிய ஒருத்தியின் தலையெழுத்து இப்போது ஈரம் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதில் வந்து நிற்கிறது… சிரிப்பு வரவேண்டும், வரவில்லை, காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை. விழு. எதுவாவது ஒன்று விழு. இல்லை, எதுவாவது இல்லை, இடது. இடது விழு தாயே!

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே மஞ்சள் காட்டு நடுவில் இருக்கிற இந்த அம்மனிடம் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் கிணறு வெட்டியதில்லை, பெண் கொடுத்ததில்லை, எருமை வாங்கியதில்லை. ஆனால் டுடோரியல் காலேஜைப் பற்றி இவளிடம் கேட்டவர்கள் இதற்கு முன்னால் இருந்திருப்பார்களா? அப்பா ராசப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய்விட்டுத்தான் கேட்டார், வலமுன்னா சேலம், இடமுன்னா கோயமுத்தூரு, புள்ளைக்கு எது ஒசத்தியோ அதக் குடு ஆத்தா என்று. வலது என்றாலே நல்லது, இடது என்றாலே ஒரு மாற்றுக் குறைவு, இது தெரிந்தேதான் அப்பா சேலத்துக்கு வலதைக் கொடுத்தாரா, இல்லை பக்கத்தில் மாமா நிற்கிறாரே என்று வாயில் அப்படி வந்துவிட்டதா? மாமா அப்புசாமி, அம்மாவுக்கு அண்ணன், ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை, விடியற்கால பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார், வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. "ஏனுங் மாப்ளே, அம்மனுக்கே கொழப்பமா இருக்கும்போங்க. இத்தன வருசமா கெணத்துல தண்ணி வருமான்னு கேட்டுப்போட்டு, இன்னைக்குத் திடீர்னு பிசிக்சு கெமிஸ்டிரின்னா அவ எங்க போயி விசாரிப்பா?" பூசாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சித்தப் பேசாம இருங்க மச்சா, பூக் கேக்கற எடத்துல" என்றார் அப்பா, அவர் குரலிலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா பொன்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை, கைகூப்பி நின்றவள் நின்றபடியே இருந்தாள், அவள் கண் எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்க்கச் சௌந்திரத்துக்குத் துணிச்சல் இல்லை.

மாமா கெட்டவரா? அதுதான் இல்லையே, கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். போன மாதம் சூரமங்கலம் போனபோது குவார்ட்டர்ஸின் முன் அறை ஜன்னலோரம் புதிதாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள், வார்னிஷ் வாசம் போகாத மேஜை, மேலே ஒரு டேபிள் விளக்கு. இது ஆருக்குங்க அத்தை என்று கேட்டதற்கு, ஏன் உனக்குத்தான் கண்ணு, நீ படிக்கோணுமில்ல, வெளக்குக்கு ஒயரு இளுத்ததெல்லாம் அவந்தான் என்று அத்தை சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே அவள் மகன் சரவணமுத்து சட்டைக்கையை மடித்துக்கொண்டு, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்தே தீரவேண்டும் என்பதுபோல் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், அவனையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாமன் மகன் என்றால் உரிமைக்காரன், உரிமைக்காரன் வீட்டில் வயசுப் பெண் ஒரு வருடம் தங்கிப் படித்தாள் என்றால் அதற்கப்புறம் வேறு யாரும் அவளைப் பெண் கேட்டு வரமாட்டார்கள், வரக்கூடாது, பேசாமலே பேசி முடித்த மாதிரி. பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாள் எட்டிப் பார்த்து இந்தப் பொண்ணு யாரு என்றபோது அத்தை, எங்கூட்டுக்கு வரப்போற புள்ளைங்க என்றாளே, அந்த வார்த்தை எவ்வளவு சாதாரணமாக, புளி வாங்கி வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி… சௌந்திரம் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். மேஜை அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சரி, கல்யாணத்தை விடு, படிப்பை மட்டும் பார். சேலத்து டுடோரியல் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி, கீழே தட்டுகிற சத்தம் மேலே பாடத்தோடு சேர்ந்தே கேட்கும். விலங்கியல் சார் நல்லவர்தான், காலேஜில் அவளுக்குப் பாடம் எடுத்தவர், ரிட்டையராகி இங்கே வந்து அதே நோட்ஸை அதே குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவளுக்கே தவளையின் இதயம் மனப்பாடம். பிசிக்ஸுக்கு ஆரு சார் என்று கேட்டபோது, வந்துருவாரும்மா, ஐப்பசியில வந்துருவாரு, நல்ல ஆளாப் பாத்துட்டிருக்கோம் என்றார், சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சௌந்திரத்துக்கு வேண்டியதே பிசிக்ஸ்தான். பள்ளிக்கூடத்தோடு விட்ட பிசிக்ஸ், மூன்று வருடம் மண்புழுவையும் கரப்பானையும் அறுத்துக்கொண்டிருந்ததில் துருப்பிடித்துப்போன பிசிக்ஸ். பிசிக்ஸ் சார் இல்லாத டுடோரியலில் போய் உட்கார்வதும், தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளியை விடுவதும் ஒன்றுதான், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், ஏன், மாமாவுக்கும் தெரிந்திருக்கும். டாக்டராகாவிட்டால் என்ன, லேப் டெக்னீஷியன் படிக்கலாம், பி.எட். படிக்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் கல்யாணம்… என்று யாரும் சொல்லவில்லை, எல்லோர் முகத்திலும் எழுதியிருக்கிறது.

கோயமுத்தூர் வேறு. அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அந்த ஒரு நாளை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சார், பிசிக்ஸுக்கு இரண்டு பேர். உள்ளே வா, உக்காரு, இந்தக் கணக்கைப் போடு என்று ஒரு சார் சாக்பீஸைக் கையில் திணித்தார், பாதி போட்டாள், மீதியை அவர் நாலே வரியில் போட்டுக் காட்டினார், இவ்வளவுதானா என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஹாஸ்டல் சுத்தம், சாப்பாடு சுமார், வார்டன் அம்மாள் கண்டிப்பு. வாரா வாரம் சனிக்கிழமை பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கை வரிசைப்படுத்தி வாசற்கதவில் ஒட்டிவிடுவார்கள், முதலில் யார் கடைசியில் யார் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் அந்தத் தாளின் முன்னால் நின்று விரலால் மேலிருந்து கீழே தேடிக்கொண்டு போனாள், விரல் போய்க்கொண்டே இருந்தது, கடைசிக்குப் பக்கத்தில் போய் நின்றது, அந்தப் பெண் திரும்பி யாரையும் பார்க்காமல் நடந்துபோனாள். சௌந்திரம் சட்டென்று அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள், பயணக் களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில், இங்கதானுங்கப்பா என்றாள். பவானி தாண்டுகிறவரைக்கும் அப்பா டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே, உங்கம்மா உங்க மாமனுக்கு வாக்குக் குடுத்துப்போட்டாளே சாமி, நான் மாத்திச் சொன்னா ஒறவு போயிரும், ஆத்தாவே சொன்னா ஆரும் வாயத் தொறக்க முடியாது, பூக் கேட்டுருவோம் என்றார். அப்பா அவள் பக்கம்தான், இருந்தும் அதைச் சொல்ல அவருக்கு ஒரு அம்மன் வேண்டியிருக்கிறது… அவளுக்கு மட்டும் வேண்டாமா?

பழனியம்மாள் நினைவு இப்போது எதற்கு வருகிறது, வராதே, போ. தம்மம்பட்டிக்காரி, பிளஸ் டூவில் ஒரே பெஞ்ச், ஒரே எண்ணெய் வாசம். அரையாண்டுக்கு அப்புறம் பிசிக்ஸ் வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார், வேறு ஆள் வரவில்லை, பரீட்சையில் சௌந்திரத்துக்கு மார்க் கவிழ்ந்தது, டாக்டர் சீட்டு கைநழுவிப் போனது. வாத்தியாரு இல்லாமப் போச்சே, இருந்திருந்தா எம்புள்ளைக்கு எடங் கெடச்சிருக்கும் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள், எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், கேட்கக் கேட்க அது சௌந்திரத்துக்குக் கம்பளி மாதிரி ஆகிவிட்டது, மூன்று வருடம் அதைப் போர்த்திக்கொண்டுதான் காலேஜுக்குப் போனாள். போன தை மாதம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பழனியம்மாளைப் பார்த்தாள், மெடிக்கல் காலேஜில் மூன்றாம் வருடம், பையிலிருந்து வெள்ளைக் கோட்டின் முனை எட்டிப் பார்த்தது. சௌந்திரமேதான் முந்திக்கொண்டு, அந்த வருசம் வாத்தியாரு இருந்திருந்தா நானும் வந்திருப்பேன் புள்ளெ என்றாள். பழனியம்மாள், எனக்குந்தானே வாத்தியாரு இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸு வந்துருச்சு, வாரேன் சௌந்திரா என்று போய்விட்டாள். அந்த இரக்கம்! சண்டை போட்டிருந்தால்கூட இப்படிக் குத்தியிருக்காது…

பொத்.

சத்தமே இல்லை, சத்தம் அவள் காதுக்குள்தான், பூ விழுந்து பீடத்தில் உருண்டு நின்றது. எந்தப் பூ? எந்தத் தோள்? எதிரே நிற்கிற அம்மனுக்கு எது வலம் எது இடம் என்று ஒரு கணம் புத்தி குழம்பியது, அப்பாவின் மூச்சு நீளமாக வெளியே வந்தபோதுதான் புரிந்தது. இடது! இடது தோள் வெறுமையாக இருந்தது, ஈரம் மட்டும் ஒரு வட்டமாகக் கறுத்திருந்தது. "எடங் குடுத்துப்போட்டா ஆத்தா" என்றார் பூசாரி. அம்மா கண்ணை மூடி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். மாமா தலையைக் குனிந்து செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் நிமிர்ந்து, "செரி உடுங்க மாப்ளே, சாமி சொன்ன பொறவு நான் ஆரு? மேசைய வித்தாப் போச்சு, இல்லீன்னா நானே உக்காந்து படிக்கறேன்" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? கோபம் இல்லை, கூச்சல் இல்லை, உறவு முறியவில்லை. கதவு திறந்துவிட்டது, வழியில் ஒருவரும் இல்லை, கோயமுத்தூர், இரண்டு பிசிக்ஸ் சார், நாலு வரியில் முடிகிற கணக்கு… சந்தோஷம் இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள், வந்தது சந்தோஷம் இல்லை. வாசற்கதவில் ஒட்டிய அந்தத் தாளும், அதில் தேடிக்கொண்டே போன அந்தப் பெண்ணின் விரலும்தான்.

குழந்தைவேல் தட்டில் திருநீறு கொண்டுவந்தார், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி அவளிடமும் கேட்டார். "மனசு ஒப்புச்சுங்ளா அம்மிணி? ஒப்பலீன்னா ஒருக்காத் திருப்பிக் கேக்கலாமுங்க, ஆருக்காவக் கேட்டமோ அவிய வாயால சொல்லோணும், பொறவு அதுதான் முடிவு." ஒப்புச்சுங்க, அவ்வளவுதான் சொல்லவேண்டியது, ஒரே வார்த்தை, சொல். அங்கே எல்லாப் பாடத்துக்கும் சார் இருக்கிறார்கள். அங்கே விளக்கு இருக்கிறது, நேரம் இருக்கிறது, தண்ணீர் எடுக்கக் கூப்பிட அத்தை இல்லை, பாத்திரம் தட்டுகிற சத்தம் இல்லை. அத்தனையும் இருந்தும் விரல் அந்தத் தாளில் கீழே கீழே போனால்? அப்போது அம்மா ஒறம்பரையிடம் என்ன சொல்லுவாள்? சௌந்திரம் சௌந்திரத்திடம் என்ன சொல்லிக்கொள்வாள்? சூரமங்கலம் என்றால், தோற்றாலும் சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும்… "இன்னொருக்காக் கேளுங்க" என்று யாரோ சொன்னார்கள். மாமா சடாரென்று திரும்பினார், அம்மா கண்ணைத் திறந்தாள், எல்லோரும் சௌந்திரத்தையே பார்த்தார்கள், அதனால் சொன்னது அவளாகத்தான் இருக்கவேண்டும். பீடத்துப் பூவை எடுக்க நீண்ட அப்பாவின் கை அப்படியே நின்றது. "ஏஞ் சாமி?" என்றார், அதற்குமேல் கேட்கவில்லை, அந்த இரண்டு சொல்லில் எத்தனை மைல் பஸ் பயணம் வீணாகிப்போனது என்று அவளுக்குக் கேட்டது. அம்மாவுக்காக என்று சொல்லலாம், மாமா மனசு நோகக்கூடாது என்று சொல்லலாம், ஊரே மெச்சும், வாய்வரை வந்துவிட்டது, ஆனால் அப்பா கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. பூசாரி உள்ளே போய் வேறு இரண்டு பூவை நனைத்து அப்பிவிட்டு வந்தார். மறுபடி அமைதி, மறுபடி மஞ்சள் காட்டுக் காற்று. இடது, இடது விழு தாயே என்று அவள் உதடு தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது, கண் மட்டும் அங்கே இல்லை, அது வலத்தோளையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது, எப்போதிலிருந்து… இப்போதுதானா, இல்லை, முதல் பூவின்போதே அங்கேதான் இருந்ததா?