காற்றில் போட்ட துளை

1

இந்தக் கதை பல் டாக்டர் வாசலில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் போனில் பேசியதை ஒரு காதால் கேட்டேன். மறு காதுக்கு வேண்டியதை நானே சேர்த்துக்கொண்டேன். துளை விட்டுப்போன தகடுகள் நாற்பது என்றார். நாலாயிரம் என்று எழுதினேன். மனசாட்சி உறுத்தியதால் நானூறு. இதற்குமேல் ஒரு தகடும் குறைக்க முடியாது.

2

"திரையில் அந்த அம்புக்குறி, விதியின் விரலைப் போல..."

(வேண்டாம். அம்புக்குறி அம்புக்குறியைப் போலத்தான் இருந்தது.)

கதையில் வருபவள் ஓர் அண்ணி. அவளுக்கு ஒரு தொழிற்சாலையின் வரைவுப் பிரிவில் வேலை. கணினியில் துளை போட இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: அது எங்கே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் (இதைக் காட்டத்தான் அந்த அம்புக்குறி). இடப்பக்கத் தகட்டில் நாலு துளைகளையும் பிசகாமல் வைத்தாள், விளிம்பிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர். அதையே புரட்டி வலத் தகடாக்கியபோது, நாலாவது துளையின் அம்பு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. கணினி சொன்ன சொல் தட்டாமல் காற்றைத் துளைத்தது; தகட்டில் விழுந்தது மூன்றுதான். மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. தினமும் முன்னூறு வரும் (சரி, ஏழெட்டு). மூடிவிட்டாள்.

3

கீழ்த்தளத்தில் ட்ரில்லிங் மெஷினில் நிற்பவன் அவள் கொழுந்தன். முதல் வரைவில் அவனைக் குடிகாரனாக்கியிருந்தேன், பழிபோட வசதியாக. பிறகுதான் உறைத்தது, கதையில் ஃபோர்மேன் செய்வதையே நானும் செய்கிறேன் என்று. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். இப்போது அவன் குடிப்பது டீ மட்டும்; அதுவும் ஆறிப்போனது.

மதியம் மாடியேறி வந்தான்.

"அண்ணி, வலத் தகட்டுல மூணு ஹோல்தான் போட்டிருக்கேனாம். தூங்கிட்டேன்னு சொல்றாரு ஃபோர்மேன்."

"நீ என்ன சொன்ன?"

"ஸ்கிரீன்ல மூணுதான் இருந்துச்சுன்னேன். நீங்க மூணு கரண்டி போட்டாலே எண்ணுறவன் நான். ஹோல எண்ண மாட்டேனா?"

அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு மெமோ ஏற்கெனவே வாங்கிட்டேன். இது மூணாவது. அப்படியே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"தகடெல்லாம் வீணா?"

"அதுக்கென்ன, விட்டுப்போன ஹோல இப்பக்கூடப் போட்டுரலாம். ஆளத்தான் மறுபடி சேத்துக்க மாட்டாங்க. ஃபோர்மேன் இப்ப மேல வருவாரு, ஃபைலக் காட்டுங்க."

சொல்லிவிட்டு அவரை அழைத்துவர இறங்கினான்.

4

கோப்பைத் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். அம்பு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

காகிதத்தில் எதுவும் கிடையாது. கீழ்த்தளத்துத் திரையும் இதே கோப்பைத்தான் காட்டும். அம்பின் மேல் ஒரு தட்டு தட்டினால் போதும், துளை நாலாகும், கீழேயும் நாலாகும், கொழுந்தன் பொய்யனாவான். தட்டாவிட்டால் தப்பு அவளுடையது. அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று அடுத்த வாரம் முடிவு செய்யப்போகிறார்கள்.

(முடிவு ஒன்று: தட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன். அப்புறம் அந்த வீட்டில் அவள், அவள் புருஷன், கொழுந்தன் மூவரையும் சாப்பிட உட்காரவைக்க என்னால் முடியவில்லை.

முடிவு இரண்டு: ஒப்புக்கொள்கிறாள். அவள் நேர்மையில் உருகிய முதலாளி, தொழிற்சாலைக்கே அவள் பெயரை... எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

5

ஃபோர்மேன் உள்ளே வந்தார். பின்னாலேயே கொழுந்தன்.

"ஏம்மா, அந்த ஃபைலக் காட்டு."

திரை அவள் பக்கமாகவே திரும்பியிருந்தது. அவள் தட்டினாளா என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை.

"நல்லாப் பாருங்க சார், மூணுதான் இருக்கும். எங்க அண்ணி போட்டது, தப்பா இருக்காது," என்றான் கொழுந்தன்.

"சார்..." என்றாள் அவள்.

அடுத்த சொல்லை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவள் அவனுடைய வண்டியில், அவனுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வீடு திரும்ப வேண்டும்.