கோழிக்கார மாப்பிள்ளையின் ஸ்பா

ஜெகதீஸ்வரனுக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை, ஒரு பெயரைத் தவிர. நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் சாலையில் அவருடைய முட்டைக்கோழிப் பண்ணைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த முட்டைகளின் தயவில்தான் திருச்செங்கோட்டில் கல்லூரி நடத்தும் சந்திரசேகரின் மகள் சத்யபிரியாவைக் கட்டினார். கோழி குருடாக இருந்தால் என்ன, குழம்பு ருசியாக இருந்தால் சரி என்றுதான் மாமனாரும் பெண்ணைக் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்தாரா? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, "இவருதானுங்க நம்ம கோழிக்கார மாப்ள" என்றுதான் அறிமுகம் செய்வார். மூத்தவர் டாக்டர் மாப்பிள்ளை, இளையவர் அமெரிக்கா மாப்பிள்ளை. நடுவில் இவர் மட்டும் கொக்கரிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பெயரை ஒழித்துக்கட்டத்தான் அவர் ஸ்பா கட்ட முடிவு செய்தார். ஒருமுறை குடும்பத்தோடு பாலித் தீவுக்குப் போயிருந்தபோது அப்படி ஓர் இடத்தைப் பார்த்திருந்தார். எண்ணெய் தேய்த்து, உடம்பைப் பிடித்துவிட்டு, ஆவியில் உட்கார வைத்து, கடைசியில் இஞ்சித் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே ஒருவர்கூட அவரிடம் இன்றைய முட்டை விலையைக் கேட்கவில்லை. அந்த நிம்மதியை அவரால் மறக்க முடியவில்லை.

கட்டடத்தை வடிவமைக்கச் சென்னையிலிருந்து பிரீத்தி என்ற ஆர்க்கிடெக்டை வரவழைத்தார். பாலியில் யாரோ சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒரே வாக்கியத்தை அவளிடம் ஒப்பித்தார்.

"இங்க இருக்கிற இயற்கையோட ஒத்துப்போகோணுமுங்க. தனியாத் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது."

பிரீத்தி கேமராவோடு வட்டாரம் முழுக்கச் சுற்றினாள். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுவது வேலிக்கருவை, பாறைக்கரடு, இரண்டுக்கும் நடுவே ஒரு கோழிக்கொட்டகை. அதைத் தாண்டினால் அடுத்த கொட்டகை. அவள் எல்லாவற்றையும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி காற்றில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணால் பார்க்கும்போது அந்தக் கொட்டகைகள் அழகாகத்தான் இருக்கும். மூக்குக்கு அங்கே வேலையில்லாமல் போய்விட்டது.

படம் வந்தது. தரையைத் தொடாமல் தூண்கள்மேல் நிற்கும் நீளக் கட்டடம், கிழக்கு மேற்காக. இரண்டு பக்கமும் சுவருக்குப் பதில் கம்பிவலை. சூடு வெளியேறக் கூரையின் உச்சியில் இடைவெளி, கூரைமேல் தென்னங்கீற்று. வெயில் காலத்துக்குப் பனிபோலத் தண்ணீர் தூவும் குழாய்கள்.

"இந்த மண்ணோட பேசுற கட்டடம் சார் இது," என்றாள் பிரீத்தி.

ஜெகதீஸ்வரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்கயோ பாத்த மாரியே இருக்குதுங்க. பாத்தாலே மனசு நெறஞ்சு போவுது."

"அதுதான் சார் ஹார்மனி."

கொட்டகையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். படத்தில் கொக்கு பறந்தது, தாமரை பூத்தது, வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு பெண் கண்ணை மூடியிருந்தாள். கோழி மட்டும் இல்லை. கோழி இல்லாத கொட்டகையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால் அடையாளம் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு உறவும் தொழிலும் திரண்டு வந்தன. இரண்டும் ஒரே ஆட்கள்தான், எல்லோரும் பண்ணைக்காரர்கள். வாசலில் பிரீத்தி ஒரு கருங்கல் தொட்டி வைத்திருந்தாள். விருந்தினர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, ரோஜா இதழ் மிதக்கும் வெட்டிவேர்த் தண்ணீரில் பாதத்தை வைத்து இளைப்பாற வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

பங்காளி வேலுசாமி முதலில் வந்தார். வந்தவர் செருப்போடு வலது காலைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தார், இடது காலை விட்டு எடுத்தார், உள்ளே போனார். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே நனைத்து நனைத்துப் போனார்கள். கோழிப்பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் இருந்தால் செருப்போடு மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் சீக்கு உள்ளே போய்விடும். இதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால்களே பார்த்துக்கொள்ளும்.

"தொட்டி தோரணையா இருக்குது ஜெகதீசு," என்றார் வேலுசாமி. கூரையை அண்ணாந்து பார்த்தார். "முப்பதாயிரம் கோழி புடிக்குமா?"

"அண்ணா, இது ஸ்பாங்க. மனுசங்களுக்கு."

"அப்படியா," என்றார் வேலுசாமி மரியாதையாக. "கூண்டு எப்ப வருது?"

ஜெகதீஸ்வரன் அப்போதுதான் கட்டடத்தைப் பார்த்தார். தூண், வலை, கீற்று. கூண்டு ஒன்றுதான் பாக்கி. இனி யார் என்ன நினைத்தாலும் போகட்டும், மாமனார் கண்ணில் மட்டும் இது கொட்டகையாகப் படக்கூடாது என்று ஓடிப்போய்த் தொட்டியருகே நின்றுகொண்டார்.

சந்திரசேகர் கடைசியாக வந்தார். அவருக்குக் கோழி தட்டில்தான் பழக்கம். கொட்டகைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை சொன்னபடி கல்லில் உட்கார்ந்தார், ஷூவைக் கழற்றினார், பாதத்தைத் தண்ணீரில் வைத்தார். கண்ணை மூடினார். படத்தில் இருந்த பெண்ணைவிட நன்றாகவே மூடினார்.

"சொகமா இருக்குது மாப்ள," என்றார். "அம்சமாக் கட்டியிருக்கீங்க. நான்கூட என்னமோன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் கோழி சேராமல் மாப்பிள்ளை என்ற சொல் வந்தது இதுதான் முதல்முறை. பக்கத்தில் நின்ற சத்யபிரியாவின் முகம்கூட மலர்ந்தது.

"உள்ள வாங்க மாமா, எல்லாஞ் சுத்திக் காட்டறேன்," என்று ஜெகதீஸ்வரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னே நடந்தார்.

வலது செருப்பு தொட்டிக்குள் போய் வந்தது. இடது செருப்பு தொட்டிக்குள் போய் வந்தது. அதிலும் இடதை, வெகு சுத்தக்காரர் என்பதால், இரண்டு முறை அலசினார்.

சந்திரசேகர் ஈரப் பாதத்தோடு அதைப் பார்த்தார். அந்தத் தண்ணீரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், தூரத்தில் சாலையோரம் நின்ற மாப்பிள்ளையின் பழைய பண்ணைகளைப் பார்த்தார். பிறகு துண்டை வாங்கி விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"சத்யா," என்றார் மகளிடம், "வாசல்ல போர்டு எதுவும் வெக்க வேண்டாஞ் சாமி. யாரு கட்டுனதுன்னு பாத்தாலே தெரியுது."

ஜெகதீஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செருப்பில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.