ஆள் இல்லாத படம்

கட்டிடங்களைப் படமெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவர் எடுத்த படங்களிலும் ஆளில்லை. இருபது வருடமாக அவர் கேமராவைத் திருப்பியதெல்லாம் பூச்சு காணாத கான்கிரீட்டை நோக்கித்தான். குடையைக் கவிழ்த்தாற்போல ஒரு தண்ணீர்த்தொட்டி, ஜன்னலே வைக்க மறந்த ஒரு தொலைபேசி நிலையம், படிக்கட்டை வெளியே துப்பிவிட்டு நிற்கும் ஒரு நூலகம். நண்பர்கள் அவரைக் கான்கிரீட்காரர் என்றார்கள். அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் வேலைமுறை எளிது. விடிவதற்குள் போய் ட்ரைபாடை நட்டு, மனிதர்கள் தொலையும்வரை காத்திருப்பார். பால் வாங்கப் போகிறவர், நாயை நடத்துகிறவர், குப்பை கொட்ட வருகிறவர் யாராவது குறுக்கே வந்துவிட்டால், சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி முகம் சுளிப்பார். அந்தப் படத்தை அங்கேயே, அப்போதே அழித்துவிடுவார். "நான் குப்பை சேர்க்கிறதில்லை" என்று பேட்டிகளில் சொல்வார். சொல்லிவிட்டு, அது மற்றவர்கள் மனத்தில் இறங்குவதற்காகக் கேமராவின் லென்ஸை மெதுவாகத் துடைப்பார்.

அவருடைய அக்கா குடியிருந்ததே அப்படிப்பட்ட ஒரு கட்டிடத்தில்தான். நகரத்தின் ஓரத்தில், இழுத்துவிட்டுத் திரும்ப மூடாத டிராயர்களைப் போல வராந்தாக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி. கட்டியவர் கடல் அலைகளை மனத்தில் வைத்துக் கட்டினாராம். குடியிருந்தவர்கள் அதை 'அலமாரி' என்றார்கள்.

"எவ்வளவு நேர்மையான சுவர் பாருக்கா! மேல்பூச்சு கிடையாது, மேக்கப் கிடையாது. தான் என்னவோ அதை அப்படியே காட்டுது" என்பார் தம்பி.

"ஆமாண்டா, ரொம்ப நேர்மை. மழை பெஞ்சா அப்படியே உள்ள விட்டுடும், ஒளிவுமறைவே கிடையாது. ஒரு மழைக்காலம் இதுகூடக் குடும்பம் நடத்திப் பாரு, அப்புறம் வந்து பேசு."

"இந்தப் பாணிக்குப் புரூட்டலிசம்னு பேரு, மாமா" என்று அக்காவின் கணவரிடம் திரும்புவார்.

"புருடான்னு எனக்கு அப்பவே தெரியும், மாப்ள" என்பார் அவர், சொட்டும் இடத்தில் வாளியைச் சரியாக நகர்த்தி வைத்தபடி.

ஆனாலும் தம்பி ஒரு உதவி என்று வந்து நின்றபோது அக்காதான் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். "என் தம்பி நம்ம கட்டிடத்தைப் படம் எடுக்கிறான். கொடியில ஒரு துணி இருக்கக் கூடாது, ஜன்னல்ல ஒரு தலை தெரியக் கூடாது. கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ள இருங்க. நம்ம வீடு உலகம் பூரா தெரியப் போகுது!" துணிகள் உள்ளே போயின. பூந்தொட்டிகள், சைக்கிள்கள், கீழ்த்தளத்துத் தையல்காரரின் பலகை எல்லாம் போயின. ஊரடங்கு போட்டதுபோல அலமாரி மூச்சை அடக்கிக்கொண்டது. ஒரு சின்னப் பெண் மட்டும் பந்தை எடுக்க வராந்தாவுக்கு ஓடி வந்தாள். "ஏய் பாப்பா! அங்கிருந்து போ!" என்று கத்தினார் கான்கிரீட்காரர். அது அவள் வீட்டு வராந்தா. அவள் போனாள். அந்தப் படமும் போனது.

படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது. கண்காட்சியில் அதற்குக் கீழே அவரே எழுதிய வாசகம் தொங்கியது: 'இங்கே எவரும் வாழவில்லை. காலம் மட்டுமே குடியிருக்கிறது. மனிதன் கைவிட்ட பிறகுதான் கான்கிரீட் பேசத் தொடங்குகிறது.' தாடி வைத்தவர்கள் தாடியைத் தடவினார்கள். இல்லாதவர்கள் கன்னத்தைத் தடவினார்கள்.

அக்கா விசேஷத்துக்கென்று வைத்திருந்த உடுப்பில் வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற விமர்சகரிடம் பெருமையாகக் காட்டினாள்: "இதோ, இதுதான் என் ஜன்னல். உள்ளதான் உட்கார்ந்திருக்கேன், தும்மல் வந்ததைக்கூட அடக்கிக்கிட்டு."

"அபாரமான பார்வை, அம்மா" என்றார் விமர்சகர். அதை அப்படியே எடுத்துத் தன் கட்டுரையில் போட்டுக்கொண்டார், தும்மல் நீங்கலாக.

அடுத்த வருடம் அலமாரியை இடிக்கப்போவதாகச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். சென்ற ஆண்டு உண்மையாகவே அங்கே குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு உண்டு என்றும் இருந்தது. எல்லோரும் நிம்மதியாக வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போனார்கள். 'சென்ற ஆண்டிலேயே இது கைவிடப்பட்ட கட்டிடம், விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களெல்லாம் வேறெங்கோ வாழ்கிறீர்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆதாரம், பரிசு வாங்கிய அந்தப் படமே, வாசகத்தோடு அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது.

அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடா. நீ சொன்னா கேப்பாங்க. வேற போக்கிடம் இல்லடா எங்களுக்கு."

அதிகாரி கான்கிரீட்காரரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "சார், நீங்களா! உங்க பரம ரசிகன் சார் நான்."

"அந்தப் படத்துல ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தார் இவர். "உள்ள ஆளுங்க இருந்தாங்க. நான்தான் ஒளிஞ்சிக்கச் சொன்னேன்."

"இங்கே எவரும் வாழவில்லைன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? எனக்கு மனப்பாடம்."

"அது கலை."

"கலைன்னா பொய்யா சார்?"

'கலை பொய் சொல்லாது' என்பது மேடைகளில் கைதட்டல் வாங்குவதற்கென்றே அவர் வைத்திருந்த வாக்கியம். இப்போது அதை எடுக்காமல், "உள்ள ஆளுங்க இருந்தாங்க சார்" என்றே மறுபடி சொன்னார்.

"அப்படின்னா எழுதிக் குடுங்க" என்று அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

பரிசுக்கு ஒரே நிபந்தனை, படத்தில் எதுவும் ஏற்பாடு செய்ததாக இருக்கக் கூடாது என்பதுதான். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு எழுதினார்: 'நான் சொன்னதால் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.' வாழ்நாளில் அவர் எழுதியவற்றில் ஒரே தடவையில் புரிகிற வாக்கியம் அதுதான்.

பரிசை வெகு மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நண்பர்களின் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின. போகட்டும், அக்காவின் வீடாவது நிற்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது அதிகாரி அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். "சரி சார். அன்னைக்கு ஆளுங்க இருந்தாங்கன்னு ஒரு படம் குடுங்க. நீங்க எடுத்ததுல ஒண்ணு போதும்."

அக்காவும் அதையேதான் கேட்டாள். "அத்தனை எடுத்தியேடா, ஒண்ணுலகூடவா நாங்க இல்ல? அந்தப் பொண்ணு பந்தெடுக்க ஓடி வந்தாளே?"

"அழிச்சுட்டேங்க்கா."

"ஏண்டா?"

இந்தக் கேள்விக்குப் பேட்டிகளில் அவரிடம் பதில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அலமாரிக்குப் போனார். இந்த முறை அக்கா எல்லோரையும் வெளியே வரச் சொல்லியிருந்தாள். கொடி கொடியாகத் துணி காயப்போட்டு, தலைவாரி, பிள்ளைகளுக்கு முகம் துடைத்து, வராந்தாக்களில் நிறைந்து நின்றார்கள். தையல்காரர் பலகையைக் கழுவி மாட்டியிருந்தார். பந்துப் பெண் பந்தோடு நின்றாள். கத்தப்போகிறார் என்று ஒரு கண் அவர்மேலேயே இருந்தது. மனிதர்கள் உள்ள படம் ஒன்றை முதல் முறையாக எடுத்தார். நன்றாகத்தான் வந்திருந்தது.

அதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார். "அருமையா இருக்கு சார். ஆனா இது இந்த வருஷம் எடுத்தது."

"அதே ஜனங்கதான் சார்."

"நீங்க சொன்னா உள்ள போவாங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க." அவர் குரலில் கிண்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க சொன்னா வெளியவும் வருவாங்கதானே?"

"பொய் இல்ல சார்."

"எது சார்? அதுவா, இதுவா?"

பழைய படத்தின் மதிப்பையும் புதிய படத்தின் மதிப்பையும் அந்த ஒற்றை வாக்கியத்தால் அவரே சேர்த்துத் துடைத்திருந்தார். இரண்டும் போனபின் மிஞ்சியது அலுவலகத்தின் முடிவு. அது ஏற்கெனவே எழுதி வைத்தது.

வீட்டைக் காலி செய்து சாமான்கள் இறங்கிய நாளில் அக்காவைப் பார்க்கப் போனார். அறையில் வாளி மட்டும் இருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். நாலு வார்த்தை வாங்கிக்கொண்டால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றுகூட நினைத்திருந்தார்.

"வாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவளிடம் 'வாடா' தவிர வேறெதையும் கேட்டறியாத காது அது.

"அக்கா, என்கூட வந்துடுங்களேன். இடம் இருக்கு."

"உங்க வீட்ல நாங்க எதுக்கு? குறுக்க குறுக்க வந்துக்கிட்டு." கோபமே இல்லாமல் சொன்னாள். மாமா வாளியை எடுத்துக்கொண்டு, சுவரில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். அவர்கள் போவதற்கு மாமாவின் தங்கை வீட்டில் பின்பக்கத்து அறை ஒன்று இருந்தது, மற்ற சாமான்களோடு. தம்பி பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார். அக்கா அதை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இடிப்பதற்கு முதல் நாள் கண்காட்சிக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "நடந்ததை விடுங்க. நாளைக்கு இடிக்கிறாங்களாம், கடைசியா ஒண்ணு எடுத்துடுங்க. இப்ப யாரும் உங்களை ஏற்பாடு பண்ணினீங்கன்னு சொல்ல முடியாதே!"

'முடியாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் மாலையில் ட்ரைபாடோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இருபது வருடப் பழக்கம் கால்களில் இருந்தது. கதவுகளையும் ஜன்னல்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொடிக்கயிறுகூட மிச்சமில்லை. சாயும் வெயில் டிராயர் டிராயராக இறங்கியது. கான்கிரீட் அவர் எழுதியதுபோல எதுவும் பேசவில்லை.

ஃப்ரேமைப் பார்த்தபடி நின்றார். ஆட்கள் விலகுவதற்காகவே காத்திருந்து பழகியவர், யாராவது குறுக்கே வரமாட்டார்களா என்று காத்திருந்தார். ஐந்தாவது மாடியில் அக்காவின் ஜன்னல் இருந்த ஓட்டையைப் பார்த்துக் கொண்டே இருந்தார். ஒரு நாய்கூட வரவில்லை.

வெயில் அணையும் தறுவாயில், கட்டிடத்துக் காவல்காரர் கையில் தூக்குப்பாத்திரத்தோடு படிக்கட்டிலிருந்து இறங்கி ஃப்ரேமுக்குள் வந்தார். கான்கிரீட்காரரின் விரல் கேமராப் பொத்தானுக்குப் போனது. காவல்காரர் அதற்குள் கேமராவைக் கண்டுவிட்டார்.

"ஐயையோ, மறைச்சிட்டேனா சார்? எடுங்க, எடுங்க!"

"இல்ல, நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!"

"பரவால்ல சார், நான் படத்துல விழ மாட்டேன்" என்று சொல்லியபடியே, மிகுந்த மரியாதையோடு, அவர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார்.